"டொக்"னு கேட்டா கிராஸ் போச்சுன்னு அர்த்தமா?

பின்சக்கர இழுவை வண்டி வச்சிருக்கற எல்லாருக்கும் ஒரு வசனம் மனப்பாடமா தெரியும். "சார், கிராஸ் போயிடுச்சு. மாத்திடலாம்."

வண்டி இன்னும் லிஃப்ட்ல ஏறியிருக்காது. ஒருத்தரும் அடியில குனிஞ்சு பார்த்திருக்க மாட்டாங்க. பட்டறை வாசல்ல பிரேக் போட்டு, ரிவர்ஸ் எடுத்து ஓரமா நிறுத்தறப்ப ஒரு "டொக்" கேட்டிருக்கும். அவ்வளவுதான், தீர்ப்பு ரெடி.

ஒண்ணு தெளிவா சொல்லிடறேன். தீர்ப்பு பல நேரம் சரியாத்தான் இருக்கும். கிராஸ் தேயற சாமான்தான், தேஞ்சா "டொக்"னு அடிக்கத்தான் செய்யும். என் சண்டை தீர்ப்போட இல்ல மக்களே, விசாரணையே இல்லாம வர்ற தீர்ப்போட. தப்பா யூகிச்சா நஷ்டம் யூகிச்சவருக்கு இல்ல, வண்டிக்காரருக்கு. சரியா யூகிச்சா பேர் மட்டும் யூகிச்சவருக்கு. இந்தக் கணக்கு எனக்கு எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் புரியல.

"பின்சக்கர வண்டியெல்லாம் அம்பாசிடரோட போச்சே, இப்ப எதுக்கு இந்தப் பதிவு?"னு கேக்கப் போறவங்களுக்கு: அம்பாசிடர் உத்தர்பாரா தொழிற்சாலையில நின்னது 2014ல. ஆம்னி 2019 வரைக்கும் வந்துச்சு. ஈகோ, பொலிரோ, டாடா ஏஸ், 2005ல வந்த இன்னோவா, அப்புறம் வந்த கிரிஸ்டா எல்லாமே பின்சக்கர இழுவைதான் (ஹைகிராஸ்தான் முன்சக்கரத்துக்கு மாறுச்சு). ஸ்கூல் பிள்ளைங்களை ஏத்தறது, கல்யாணத்துக்குப் போறது, காய்கறி லோடு அடிக்கறதுன்னு பிழைப்புக்கு ஓடற வண்டிகள்ல இது நிறைய. பிஎம்டபிள்யூ வச்சிருக்கற அண்ணாச்சிகளும் சிரிக்க வேண்டாம். அங்க கியர்பாக்ஸ் முனையில கிராஸுக்குப் பதிலா ரப்பர் தட்டு இருக்கும், அதுவும் கிழியும்.

சத்தம் எங்கிருந்தெல்லாம் வரலாம்?

இன்ஜின் சக்தி டயருக்குப் போய்ச் சேரற வழியில எத்தனை கை மாறுதுன்னு எண்ணிப் பாருங்க. கிளட்ச் பிளேட்டுக்குள்ள இருக்கற ஸ்பிரிங்குகள். கியர்பாக்ஸ் பல்லுகள். புரொப்பெல்லர் ஷாஃப்ட் முன்ன பின்ன நகர்றதுக்காக இருக்கற ஸ்லைடிங் யோக். முன் கிராஸ். நீளமான வண்டின்னா நடுவுல சென்டர் பேரிங், இன்னொரு கிராஸ். பின் கிராஸ். ஃபிளாஞ்ச் போல்ட்டுகள். பினியன், கிரவுன். டிஃபரன்ஷியலுக்குள்ள இருக்கற குட்டிப் பல்சக்கரங்கள். கடைசியா ஆக்சில் முனைப் பல்லு.

இது சுத்தற கூட்டம். சுத்தாத கூட்டம் ஒண்ணு இருக்கு: இன்ஜின் மவுண்டிங், கியர்பாக்ஸ் மவுண்டிங், ஸ்பிரிங் பட்டையோட யூ போல்ட், சென்டர் போல்ட், ஷேக்கிள் புஷ். காயில் ஸ்பிரிங் வண்டின்னா ஆக்சிலைப் பிடிச்சிருக்கற ஆர்ம்களோட புஷ்கள். ஆக்சிலரேட்டரை மிதிச்சதும் பின் ஆக்சில் தன்னைத் தானே முறுக்கிக்கப் பார்க்கும். அதைப் பிடிச்சு வைக்கறது இந்தக் கூட்டம்தான். பிடி தளர்ந்தா அதுவும் "டொக்"னுதான் சொல்லும். அச்சு அசல் கிராஸ் சத்தம்.

எண்ணிப் பாருங்க, ஒரு டஜனுக்கு மேல சந்தேக நபர்கள். இதுல எப்பவும் ஒரே ஆளைப் பிடிச்சு உள்ள போடறது என்ன போலீஸ் வேலை?

கையால ஆட்டிக் காட்டற வித்தை

ரொம்ப நம்பிக்கையா நடக்கற ஒரு காட்சி இருக்கு. வண்டியைத் தூக்கி, புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைப் பிடிச்சு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பி, "பாத்தீங்களா சார், எவ்வளவு ப்ளே!"னு காட்டுவாங்க. வண்டிக்காரர் முகம் வெளிறிடும். பர்ஸ் திறந்துடும்.

ப்ளே இல்லாத பல்சக்கரம் உலகத்துலயே கிடையாது. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவுல இடைவெளி வச்சுத்தான் செய்யறாங்க. ஆயில் உள்ள போகணும், சூட்டுல இரும்பு விரியணும். இடைவெளியே இல்லைன்னா இறுகிக் கடிச்சுக்கும். சாதாரண கார் கிரவுன் பினியன்ல இது மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்கு, ரெண்டு பங்கு அளவுல இருக்கும். வண்டிக்கு வண்டி மாறும்.

இன்னொரு சூட்சுமமும் இருக்கு. கிரவுன் பினியன் விகிதம் நாலுக்கு ஒண்ணுன்னு வச்சுக்குங்க. ஷாஃப்ட் நாலு சுத்து சுத்தினா சக்கரம் ஒரு சுத்து. அப்ப ஆக்சில் முனைப் பல்லுலயும் டிஃபரன்ஷியல் உள் பல்லுலயும் சேர்த்து ஒரே ஒரு டிகிரி தளர்வு இருந்தாக்கூட, ஷாஃப்ட்டைப் பிடிச்சு ஆட்டறப்ப அது நாலு டிகிரியா தெரியும். அதாவது நல்லா இருக்கற வண்டியிலயும் ஷாஃப்ட் கொஞ்சம் ஆடும். ஆடறதைக் காட்டறது நிரூபணம் இல்ல. எங்க ஆடுதுன்னு காட்டறதுதான் நிரூபணம்.

அதைக் காட்ட மெஷின் வேண்டாம், ரெண்டு கை போதும். கிராஸுக்கு இந்தப் பக்க யோக்கை ஒரு கையில பிடிங்க. அந்தப் பக்க யோக்கை இன்னொரு கையில. எதிரெதிரா முறுக்குங்க, மேல கீழ தள்ளிப் பாருங்க. நல்ல கிராஸ்ல கைக்குத் தெரியற மாதிரி தளர்வே இருக்கக் கூடாது. ரெண்டு கைக்கும் நடுவுல ஒரு சின்ன "கிளிக்" தெரிஞ்சாக்கூட கிராஸ் குற்றவாளி, மாத்துங்க. ரெண்டு கையும் ஒண்ணா சேர்ந்து திரும்பினா கிராஸ் நிரபராதி. தளர்வு வேற எங்கயோ இருக்கு. ஒரு நிமிஷ வேலை. இதைச் செய்யாம "கிராஸ்"னு சொல்றவரை நான் நம்பறதா இல்ல.

கழட்டறதுக்கு முன்னாடி அரை மணி நேரம்

நான் மெக்கானிக் இல்ல. வண்டிக்கு அடியில படுத்துக்கிட்டு சட்டையை நாசம் பண்ணிக்கற பொழுதுபோக்கு உள்ள ஆள். எனக்குத் தெரிஞ்ச இந்த வரிசையே பாதிக் குழப்பத்தைத் தீர்க்கும்:

1. எப்ப வருதுன்னு முதல்ல கேளுங்க. கிளம்பறப்ப ஒரே ஒரு தடவையா? முன் கியர்ல இருந்து ரிவர்ஸ் மாத்தினா மட்டுமா? ஆக்சிலரேட்டரை விட்டு மறுபடி மிதிச்சாலா? நிக்கறப்பவா? வளைஞ்சு திரும்பறப்ப மட்டுமா? வளையறப்ப மட்டும்னா டிஃபரன்ஷியல் உள் பல்லு, அங்க இருக்கற வாஷர் பக்கம் சந்தேகம் போகணும். நின்னு கிளம்பறப்ப மட்டும்னா ஸ்லைடிங் யோக் கிரீஸ் இல்லாம ஒட்டி ஒட்டி விடுதான்னு பார்க்கணும். அதுக்குச் சாமானே மாத்த வேண்டாம், சுத்தம் பண்ணி கிரீஸ் வச்சாப் போதும்.

2. ஸ்பீடு பிரேக்கர் மேல கிளட்சை மிதிச்சுக்கிட்டு மெதுவா ஏறி இறங்குங்க. அப்பவும் "டொக்" வருதா? இழுவையே இல்லாதப்ப வர்ற சத்தத்துக்கு கிராஸ் மேல பழி போட முடியாது. புஷ், பட்டை, ஷாக் அப்சார்பர் பக்கம் போங்க.

3. காதை விட கண்ணு நல்ல சாட்சி. கிராஸ் கப்பைச் சுத்தி செங்கல் பொடி மாதிரி செந்துரு இருந்தா உள்ள கிரீஸ் காஞ்சு ஊசி பேரிங் அரைஞ்சுக்கிட்டு இருக்கு. இந்த நிலைமைக்கு முன்னாடியே மெதுவான வேகத்துல "கீச் கீச்"னு குருவி கத்தற மாதிரி சொல்லியிருக்கும், பாட்டு சத்தத்துல யாரும் கேட்டிருக்க மாட்டாங்க. கிரீஸ் நிப்பிள் இருக்கற கிராஸ்னா, கிரீஸ் அடிக்கறப்ப நாலு கப்புல இருந்தும் கசியணும். மூணுல வந்து ஒண்ணுல வரலைன்னா அந்த நாலாவது பட்டினி கிடக்குது.

4. சென்டர் பேரிங் இருந்தா அதைச் சுத்தி இருக்கற ரப்பரைப் பாருங்க. கிழிஞ்சிருந்தா லோடு ஏறினதும் ஷாஃப்ட் எகிறி இடிக்கும்.

5. மவுண்டிங். பானெட்டைத் திறந்து, பிரேக்கை முழுசா அழுத்தி, முதல் கியர்ல கிளட்சை லேசா விட்டுப் பாருங்க, அப்புறம் ரிவர்ஸ்ல. இன்ஜின் படுக்கையில இருந்து எழுந்திருக்கற மாதிரி தூக்கினா மவுண்டிங் கிழிஞ்சிருக்கு. பார்க்கறவர் பக்கவாட்டுல நிக்கணும். முன்னாடியோ பின்னாடியோ ஒரு ஈ காக்கா நிக்கக் கூடாது.

6. யூ போல்ட், ஃபிளாஞ்ச் போல்ட், வீல் நட். ஸ்பேனர் வச்சுப் பாருங்க. காசே ஆகாத டெஸ்ட்.

7. இதெல்லாம் சுத்தம்னு ஆனப்புறம்தான் ஹவுசிங். அதுலயும் முதல்ல ஆயிலை இறக்கிப் பாருங்க. மாவு மாதிரி கருப்புக் குழம்பு சகஜம். இரும்புச் செதில், பல்லு உடைஞ்ச துண்டு வந்தா பிரிக்கலாம்.

மறக்கக் கூடாத இன்னொண்ணு: எல்லா "டொக்"கும் வியாதி இல்ல. மஹிந்திரா தார் மாதிரி வண்டிகள்ல வர்ற லாக்கிங் டிஃபரன்ஷியல், ஒரு பக்கச் சக்கரம் வழுக்கினா "டக்"னு பூட்டிக்கும். அது அதோட வேலை. கிளட்சைப் படார்னு விடற டிரைவர் வந்தாலும் புது வண்டிகூட "டொக்"னு சொல்லும். அதுக்கு மாத்த வேண்டியது டிரைவரோட இடது காலை.

போடி பொலிரோ கதை

எங்க சின்ன மாமா போடிக்காரர். பொலிரோ வச்சு, காலையில ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏத்திக்கிட்டு மெட்டு ஏறி, சாயங்காலம் இறக்கிக் கொண்டு வருவார். போடிமெட்டு ரோடு தெரிஞ்சவங்களுக்கு அது என்ன ஏத்தம், என்ன வளைவுன்னு தெரியும்.

கிளம்பறப்பவும் பிரேக் போடறப்பவும் பின்னாடி "டொக்". ஒரு பட்டறையில விட்டார். பேர் வேண்டாம். முதல்ல ரெண்டு கிராஸும் மாத்தினாங்க. சத்தம் அப்படியே இருந்துச்சு. அடுத்து கியர்பாக்ஸ் மவுண்டிங். சத்தம் அப்படியே. மூணாவதா, "ஹவுசிங்கைப் பிரிச்சு கிரவுன் பினியன் செட்டு மாத்தணும் அண்ணே"ன்னாங்க. அதுவரைக்கும் ஒன்பதாயிரம் போயிருந்துச்சு. நாலு நாள் ஓட்டமும் போச்சு. ஓட்டம் இல்லாத நாள்ல அவருக்கு மட்டும் நஷ்டம் இல்ல. அந்த வண்டியை நம்பியிருக்கற தோட்டத்து ஆளுங்களுக்கும் அன்னைக்குக் கூலி இல்ல.

கிரவுன் செட்டுக்குக் கடன் கேக்கத்தான் எனக்குப் போன் பண்ணினார். "மாமா, பிரேக் போட்டாலும் சத்தம் வருதுங்கறீங்க. அப்ப ஆக்சிலே நகருதோ என்னவோ. பட்டை வேலை செய்யறவர்கிட்ட ஒரு தடவை காட்டிடுங்க"ன்னேன். ஞாயித்துக்கிழமை நானும் போனேன். அந்தப் பெரியவர் ஒண்ணும் கழட்டல. டார்ச் அடிச்சு, பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவுல விரலை வச்சுக் காட்டினார். சுத்தி சேறும் துருவுமா இருக்கு, அந்த ஒரு இடத்துல மட்டும் வெள்ளி மாதிரி பளபளன்னு தேஞ்ச தடம். யூ போல்ட் நட்டுல ஸ்பேனர் போட்டார். நாலும் சும்மா சுத்துச்சு. பிரிச்சா, உள்ள சென்டர் போல்ட் பாதி அறுந்து நிக்குது.

புது யூ போல்ட், புது சென்டர் போல்ட். சத்தம் போச்சு. "ஒரு வாரம் ஓட்டிட்டு வாங்க, மறுபடி முறுக்கணும், புது போல்ட்டு கொஞ்சம் இளகும்"னு சொல்லி அனுப்பினார்.

எனக்கு வயிறு எரிஞ்சது ஒன்பதாயிரத்துக்காக இல்ல. அந்த சென்டர் போல்ட் முழுசா அறுந்திருந்தா ஒரு பக்க ஆக்சில் பின்னாடி நகர்ந்து வண்டி தானா ஒரு பக்கம் திரும்பும். கொண்டை ஊசி வளைவுல, வண்டி நிறைய ஆட்களோட. மூணு தடவை வண்டிக்கு அடியில ஆள் போயிருக்காங்க. மூணு தடவையும் அந்த நட்டு கைக்கு எட்டற தூரத்துலதான் இருந்துச்சு. தப்பான சாமானை மாத்தறதுல இருக்கற நிஜ ஆபத்து இதுதான். காசு போறதோட நிக்கல. "வேலை பார்த்தாச்சு"ங்கற தைரியத்துல நிஜமான பழுதோடயே மலை ஏறறோம்.

"புதுசு போட்டா நல்லதுதானே?"

இதுதான் எல்லாரும் கடைசியா வந்து நிக்கற வாதம். இல்லைங்க, நல்லது இல்ல.

கிராஸ் ஒரு கோணத்துல சுத்தறப்ப, உள்ள வர்ற வேகம் சீரா இருந்தாலும் வெளிய போற வேகம் ஒவ்வொரு சுத்துக்கும் ரெண்டு தடவை கூடிக் குறையும். முன் கிராஸ் பண்ற இந்தக் கோளாறை பின் கிராஸ் அதே அளவுக்குத் திருப்பிப் பண்ணி சரிக்கட்டணும். அதுக்காகத்தான் ஷாஃப்ட்டோட ரெண்டு முனை யோக்கும் ஒரே நேர்ல நிக்குது. பிரிக்கறப்ப அடையாளம் போடாம, ஸ்லைடிங் பல்லை ரெண்டு பல்லு தள்ளி மாட்டினா நேர் போயிடும். அப்புறம் "டொக்" போய் அதிர்வு வரும். அந்த அதிர்வுக்கு சென்டர் பேரிங், அதுக்கப்புறம் ஷாஃப்ட் பேலன்ஸிங்னு பில் நீளும்.

கிராஸ் மாட்டறப்ப கப்புக்குள்ள ஒரே ஒரு ஊசி சாஞ்சு விழுந்தாலும் கப் முழுசா இறங்காது, லாக் பள்ளத்துல உக்காராது. பிரஸ் இல்லாத இடத்துல என்ன செய்வாங்க? சுத்தியல்தான். புது சாமான் அங்கேயே பாதி செத்தாச்சு. நல்லா இருந்த பழைய கிராஸைக் கழட்டி, அடிபட்ட புதுசைப் போடறதுக்குப் பேர் ரிப்பேரா?

"கெட்டி ஆயில் ஊத்துங்க, சரியாயிடும்"ங்கற கோஷ்டி வேற. கெட்டி ஆயில் ஹவுசிங்கோட "உய்ய்"ங்கற ஊளையைக் கொஞ்சம் அடக்கலாம். தேஞ்ச இடைவெளியை நிரப்பாது. வண்டி விக்கறப்ப மரத்தூள் போட்ட புரோக்கர் கதையோட தம்பிதான் இது.

இப்ப நம்ம பக்கம்

பட்டறைக்காரங்களை மட்டும் திட்டிட்டுப் போனா பின்னூட்டத்துல கைதட்டு கிடைக்கும், நியாயம் இருக்காது. ஒரு மெக்கானிக் அரை மணி நேரம் அடியில படுத்து, ஓட்டிப் பார்த்து, "யூ போல்ட் லூஸு, முறுக்கிட்டேன். முன்னூறு ரூபா குடுங்க"ன்னு சொல்றார்னு வைங்க. நம்மாளுங்க என்ன சொல்றாங்க? "நட்டு முறுக்கினதுக்கு முன்னூறா?" அதே ஆள் மூவாயிரத்துக்கு சாமான் மாத்தினா, பழைய சாமானைக் கையில வாங்கிப் பார்த்துட்டு திருப்தியா காசு குடுக்கறாங்க. டாக்டர் நாடி பிடிச்சுப் பார்த்ததுக்கு ஃபீஸ் தர்ற நாம, வண்டி பார்த்தவர் மூளைக்குப் பைசா தர மாட்டோம். இரும்புக்குத்தான் தருவோம். இரும்புக்கு மட்டும் காசு கிடைக்கற தொழில்ல இரும்புதான் விக்கும். யூகிக்கற பழக்கத்தை வளர்த்ததுல வாடிக்கையாளர் பங்கு சரிபாதி.

அதனால என் கட்சி இதுதான்:

பார்த்துச் சொல்றதுக்குத் தனியா கூலி கேளுங்க, தனியா குடுங்க. சாமான் மாத்தணும்னு சொன்னா "எந்த டெஸ்ட்ல தெரிஞ்சுது, எனக்கும் காட்டுங்க"ன்னு கேளுங்க. கோபப்படாம காட்டறவரை விடாதீங்க, அவர் பொக்கிஷம். கழட்டின சாமானை வாங்கி, கிராஸோட நாலு முனையிலயும் நகத்தால வருடிப் பாருங்க. ஊசி பதிஞ்ச வரிவரியான பள்ளம் இருந்தா குற்றம் நிரூபணம். கண்ணாடி மாதிரி வழவழன்னு இருந்தா, ஒரு நிரபராதியைத் தூக்குல போட்டிருக்காங்க.

"பழைய வண்டின்னா சத்தம் வரத்தான் செய்யும்"னு சொல்ற ஞானிகளுக்கும் ஒரு வார்த்தை. வரும்தான். ஆனா போன மாசம் இல்லாத சத்தம் இந்த மாசம் வந்தா அது வயசு இல்ல, தகவல். லாரி, பஸ்ல ஷாஃப்ட்டைச் சுத்தி ஒரு இரும்பு வளையம் பார்த்திருப்பீங்க. அது அலங்காரத்துக்கு இல்ல. ஓடறப்ப முன் கிராஸ் முறிஞ்சா ஷாஃப்ட்டோட முன் முனை ரோட்டுல குத்தும். அந்த வளையம் அதைத் தாங்கத்தான். நம்ம வண்டிகள்ல பலதுல அந்த வளையம் கிடையாது. நமக்கு இருக்கற ஒரே முன்னெச்சரிக்கை அந்த "டொக்"தான். அதைக் கண்டுக்காம விடறதும் தப்பு, கேட்ட உடனே கைக்கு வந்த சாமானை மாத்தி வாயை மூடறதும் தப்பு. அது என்ன சொல்லுதுன்னு கேக்கணும். அவ்வளவுதான் நான் சொல்றது.

டிஸ்கி: யாராவது இதைப் படிச்சுட்டு ஆர்வக்கோளாறுல நீங்களே ஷாஃப்ட்டைக் கழட்டப் போனா, முதல்ல டயருக்கு ரெண்டு பக்கமும் முட்டுக் கட்டை போடுங்க. கியர்ல போட்டு நிறுத்தியிருக்கேன்னு நம்பாதீங்க. ஷாஃப்ட் கழண்ட நிமிஷத்துல கியருக்கும் சக்கரத்துக்கும் உறவு முடிஞ்சுது, வண்டி உருளும். வெறும் ஜாக்கியை நம்பி அடியில போகாதீங்க, ஸ்டாண்ட் வைங்க. பின்னூட்டம் போட ஆள் வேணும் எனக்கு.